வம்சம் அற்றவர்கள் வந்த நாள்

அயர்லாந்தில் எங்கள் லீட்ரிம் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த டிம்ப்னா டார்ப்பிக்கு ஒரு வரி பொறுக்கவில்லை. பிரபுக்களின் வம்சாவளிப் புத்தகம், முன்னொரு காலத்தில் எங்கள் ஊரை ஆண்ட கில்ராஸ்க் பிரபுவைப் பற்றி, ‘ஆண் வாரிசின்றி இறந்தார், வம்சம் அற்றது’ என்றது. அவருக்கு மூன்று மகள்கள்.

அந்த மகள்களின் வழி வந்தவர்களைத் தேடப்போவதாக அவள் சொன்னதும் மதுக்கடை ஃபெஸ்டி சிரித்தான். “கண்டுபிடிச்சா கோட்டையை உனக்கு எழுதித் தருவாங்களா?”

“கோட்டையில காக்காதான் குடியிருக்கு, நீயே வச்சுக்க. மூணு பொண்ணு பெத்தவனுக்கு வம்சமே இல்லைன்னு எப்படிடா எழுதுவான்?”

டிம்ப்னா அந்தப் பிரபுவின் குடும்பமே அல்ல. அவளுக்கும் மகள்கள்தான். கடை மூடும் ஞாயிறுகளில் தேவாலயப் பதிவுகளையும் கல்லறைகளையும் துருவினாள். அந்தப் புத்தகத்தின் பதிப்பாசிரியருக்கு எழுதினாள். பிரபுப் பட்டம் மகள்களுக்குப் போகாது, வரியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

“அப்ப நானே மாத்துறேன்” என்றாள்.

பல வருடத் தேடலுக்குப் பின், மூன்று மகள்களின் பெயரையும் கல்லில் செதுக்கி, பிரபுவின் கல்லறையருகே நட்டாள். அவர்கள் வழி வந்தவர்களையெல்லாம் அழைத்தாள். கார்க் நகரிலிருந்து ஒரு கறிக்கடைக்காரர் வந்தார், கனடாவிலிருந்து ஒரு செவிலி, இன்னும் ஒரு பேருந்து நிறையப் பேர். முன்பின் பார்த்திராதவர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீள மூக்கு.

“வாங்க, வம்சம் இல்லாதவங்களே, டீ ஆறுது!” என்று டிம்ப்னா கூவினாள்.