ஆட்டுக்காக வைத்த வேலி

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் வேலி வைக்க வேண்டும் என்று அம்மா கேட்டபோது, ஆடுதான் காரணம் என்று சொன்னாள். பெரியம்மாவிடம் இருந்ததே ஒரே ஒரு கிழட்டு ஆடு. அதற்கு ஒரு பக்கத்துக் கண் வேறு தெரியாது. எங்கள் முருங்கைக் கன்றைத் தின்ன அது கிளம்பினால் வழி தவறி மறுபடியும் பெரியம்மா வாசலுக்கே போய்ச் சேரும். ஆனாலும் ஆடுதான் காரணம்.

பேரையூருக்குத் தெற்கே, ஊரைவிட்டுத் தள்ளிக் காட்டுக்குள் எங்கள் இரண்டு வீடுகள் மட்டும்தான். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நட்ட மூன்று கல்தான் எல்லை. அதில் நடுக்கல்லில் நானும் பெரியம்மா மகளும் குதிரை ஏறி விளையாடுவோம். அவள் என்னைவிட நாலு மாதம் மூத்தவள், அதனால் அக்கா. அக்காவாக இருப்பதால் முன்னால் உட்காரும் உரிமை அவளுக்கு. பின்னால் இருக்கிற எனக்குக் குதிரையின் வால்தான் மிச்சம் என்பாள். கல்லுக்கு ஏது வால் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் நிஜமாகவே அந்த வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் அவள் இல்லை. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். எல்லாரும் அழுது முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு நான் போய்க் கல்லில் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் நாலு மைல். பொம்பளைப் பிள்ளை ஒற்றையாக எப்படிப் போகும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் பகல் முழுக்க வாசல்தான். காலையில் அம்மா முக்காலியைப் போட்டு எனக்குத் தலை சீவுவாள். சரியாக அந்த நேரத்துக்குப் பெரியம்மா கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். லாரி ஓட்டப் போன பெரியப்பா மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், அவளுக்கு வேறு பேச்சுத் துணை கிடையாது.

"என்னத்தா, இன்னிக்கு ரெட்டைச் சடையா?" என்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள். சடை முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவள் வந்ததும் அம்மாவின் கை வேகமாகும். சீப்பு மண்டையில் பிறாண்டும். பெரியம்மா வருவதற்கும் என் மண்டை எரிவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆடி மாதம் எனக்கும் காய்ச்சல் வந்தது. அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே அடிக்கவில்லை என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். எனக்கோ நெடியில் தும்மல் நிற்கவில்லை. காய்ச்சல் தானாக இறங்கியது. மறுநாளே வேலிப் பேச்சு வந்துவிட்டது.

அம்மா ஆரப்பாளையத்தில் பிறந்து, பஸ் சத்தத்தில் வளர்ந்தவள். செடி என்றால் அவளுக்கு மாடியில் தொட்டியில் நிற்பதுதான். பேரையூர்ச் சந்தையில் நாற்று விற்கிறவரிடம் கேட்டுவிட்டு வந்து, "குரோட்டன்ஸ் வச்சா பாக்க லச்சணமா இருக்குமாம்" என்றாள்.

"லச்சணமாத்தான் இருக்கும். குடிக்கத் தண்ணியில்ல, குரோட்டன்ஸுக்கு யாரு ஊத்துறது?" என்றார் அப்பா.

கள்ளி வைக்கலாம் என்றார். பால் தெறித்தால் பிள்ளைக்குக் கண் போய்விடும் என்றாள் அம்மா. காட்டாமணக்கு என்றார். அதன் கொட்டையைத் தின்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வாந்தி எடுத்த கதையை அம்மா எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். ஆடாதொடை வைத்தால் ஆடு வாய் வைக்காது, எப்போதும் பச்சையாகவே நிற்கும் என்றார். அது அம்மாவுக்குப் பிடித்தது. ஆனால் வேர்பிடிக்கிறவரை ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

"மருதாணி வைங்க, நானும் அக்காவும் கை நிறைய..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் வாயில் ஒன்று வைத்தாள். அடி வலிக்கவில்லை, ஆனால் மருதாணிக்கு எதற்கு அடி என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

இந்தப் பேச்செல்லாம் வாசலில்தான் நடந்தது. வாசலில் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். மறுநாள் பெரியம்மா கல்லருகே வந்து நின்று, அன்றைக்கு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"வேலி எதுக்கு, ஆட்டுக்குத்தான?"

"ஆமாக்கா. கன்னு எதையும் நிக்க விடமாட்டேங்குது" என்றாள் அம்மா.

"அப்ப கிளுவையப் போடு. முள்ளு இருக்கு, ஆடு உள்ள வராது. ஒரு சொட்டுத் தண்ணி கேக்காது. எங்க அம்மா வீட்டு வேலியில அம்புட்டுக் கிடக்கு, போத்து நானே வெட்டியாரேன்."

அம்மா கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நல்லா அடைச்சு மறைக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"அடுத்த வருசம் ஐப்பசியில வந்து பாரு. அந்தப் பக்கம் ஆனையே நின்னாலும் தெரியாது."

அப்பா கீழே உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பெரியம்மாவைப் பார்த்தார். "மதினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மறுபடியும் குனிந்துகொண்டார்.

பெரியம்மா கிளுவைக் கம்பை வெட்டி இரண்டு கட்டு போத்துகளாகத் தலையில் சுமந்து வந்தாள். வெட்டின வாய் காயட்டும் என்று மூன்று நாள் நிழலில் போட்டு வைத்தாள். நட்டதும் அவள்தான். அப்பா கடப்பாரையால் குழி போட, நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் ஊன்றி மண்ணை மிதித்தாள். தலைகீழாகக் கொடுத்துவிட்டால், "கணுவப் பாத்துக் குடு தாயி" என்று திருப்பித் தருவாள். அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது. தன் பக்கத்தைத் தானே அடைத்துக்கொண்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருப்பாளா என்றெல்லாம் யோசிக்கிற வயதில்லை எனக்கு.

முதல் கோடையில் போத்துகள் வெறும் குச்சியாக நின்றதை, இன்னும் வேர்பிடிக்கவில்லை என்று அம்மா விட்டுவிட்டாள். இரண்டு மழைக்காலத்தில் வேலி ஆள் உயரம் ஏறிவிட்டது. இலையைக் கசக்கினால் மாங்காய் மாதிரி ஒரு வாசம் வரும். அந்த ஐப்பசியில் பெரியம்மா சொன்னது போலவே அந்தப் பக்கம் ஆனை நின்றாலும் தெரியவில்லை. அம்மா நிதானமாகத் தலை சீவினாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னத்தா, இன்னிக்கு ரெட்டைச் சடையா?" என்று குரல் மட்டும் வந்தது. "ஒத்தைச் சடை பெரியம்மா" என்று கத்துவேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று அம்மா உதட்டில் விரல் வைத்துவிட்டாள்.

தை முடிந்தது. கிளுவை இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. முதலில் ஒரு சேலை நிறம் தெரிந்தது, பிறகு ஒரு கை தெரிந்தது. மாசி பாதிக்குள் வேலி வெறும் குச்சியாக நின்றது. குச்சிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா முழுசாக நின்றாள். ஆடி முடிகிறவரை அந்த வேலியில் இலை இருக்காது என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

"இது இலை கொட்டுற செடின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"செடின்னா கொட்டும், துளுக்கும். ஆடு வரலேல்ல?"

ஆடு வரவில்லைதான். பாவம், அப்பாவையும் பெரியம்மா ஏமாற்றிவிட்டாள் என்று நான் நினைத்தேன். கிளுவை வேலிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

அன்றிலிருந்து முக்காலி வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டது. அடுத்த கார்த்திகையில், வேலி நல்ல அடர்த்தியாக இருந்தபோது, பெரியப்பாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் வேலை கிடைத்தது. பெரியம்மா சொல்லிக்கொண்டு போக வந்தாள். நான் உள்ளே சுளகில் பயறைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை எங்க? ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன்."

"இப்பத்தான் தூங்குனா, அக்கா" என்றாள் அம்மா.

முழித்திருக்கிற என்னைத் தூங்குகிறேன் என்று சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் சிரித்தேன். "சரி, எழுப்பாத" என்று பெரியம்மா போய்விட்டாள். ஆட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

மாசியில் வேலி மறுபடியும் குச்சியானது. அந்தப் பக்கம் பூட்டின கதவும் காலிக் கொட்டிலும் தெரிந்தன. ஒரு நாள் அம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேலியை ஒட்டிப் போட்டாள். என்னை உட்காரவைத்து, பின்னியிருந்த சடையை அவிழ்த்தாள்.

"வெயிலடிக்குதும்மா இங்க."

"சும்மா இரு. சிக்காக் கிடக்கு."

காலையில்தான் எண்ணெய் தேய்த்துச் சீவி முடித்திருந்தாள். தலையில் ஒரு சிக்கும் இல்லை. சீப்பு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போனது, மெதுவாக. மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தாள். சிக்கில்லாத தலையை இந்த வெயிலில் வைத்து யாருக்காக இப்படிச் சீவுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எப்போது முடியும் என்று நடுக்கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.