அப்பாவின் நிலநடுக்கப் பெரட்டு

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் தோட்டத்தை விட்டு ஜெலாப்பாங்கில் நான்காம் மாடி வீட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், சுமத்ராவில் பூமி ஆடி எங்கள் வீட்டுத் தட்டுகள் கிலுகிலுத்தன. அன்றோடு எங்கள் நிம்மதி போனது. அப்பா அலமாரியை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டினார். ஒரு சேலை எடுக்க அம்மா முடிச்சோடு மல்லுக்கட்டவேண்டும். சாமிப் படங்களை அப்பா தரைக்கு இறக்குவார், அம்மா திரும்ப மாட்டுவார்.

தோட்டத்தில் அப்பா மண்டோர். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தவர். அந்தப் பழக்கம் விடுமா? ஞாயிறு விடிந்தால், பூமி ஆடினால் இறங்கி ஓட ஒத்திகை என்று பழைய பால்வாளியைத் தட்டுவார். நானும் அக்காவும் தூக்கக் கண்ணோடு படியிறங்கி, சைக்கிள் கொட்டகைப் பக்கம் வரிசையில் நிற்கவேண்டும். இருப்பதே இரண்டு பேர். அதற்கும் பெயர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று கத்தவேண்டும். மானம் போகும்.

அம்மா மட்டும் இறங்கியதே இல்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, லாரியிலிருந்து விழுந்து கால் விளங்காமல் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தார். கனத்த உடம்பு. லிப்ட் எப்போதும் கெட்டுக் கிடக்கும்.

"எங்கண்ணன யாரு தூக்குவா? அத மொதல்ல சொல்லுங்க லா!" என்பார் அம்மா. அப்பா வாளியை இன்னும் பலமாகத் தட்டுவார்.

மாமா சிரிப்பார். "மச்சான், என் பேரையும் கூப்பிடுங்க. மேலேர்ந்தே இருக்கேன்னு கத்துறேன்."

ஒரு மத்தியானம் நிஜமாகவே ஆடியது. கட்டிய அலமாரி முனகியது. அப்பா வாளியைத் தட்டி என்னையும் அக்காவையும் முன்னால் விரட்டிக்கொண்டு இறங்கினார். கொட்டகைப் பக்கம் நிறுத்தி, என் பெயர், அக்கா பெயர், அம்மா பெயர் என்று கூப்பிட்டார். பிறகு, ஒருநாளும் கூப்பிடாத மாமாவின் பெயரையும் கூப்பிட்டார்.

"இருக்கேன், மச்சான்!" மேலேயிருந்து குரல் வந்தது.

"நானுந்தான் லா!" என்றது அம்மாவின் குரல்.

அப்பா வாளியை என் கையில் கொடுத்துவிட்டு மாடியேறினார். இறங்கி வரவில்லை.

கீழே இறங்கி நின்ற மற்ற வீட்டுக் கூட்டம் கலைந்து நாங்கள் மேலே போனபோது, மூவரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே எரிச்சல். எத்தனை ஞாயிறு தூக்கத்தைக் கெடுத்தார்! கடைசியில் அவரே வரிசையில் நிற்கவில்லை. அன்று எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு மறுநாள், செமோர்.