செந்தாமரை கேட்ட கவுண்டர்

அன்று காலை மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் செந்தாமரைக்கு உட்கார இடம் கிடைத்தது. கிடைத்து என்ன பயன்? உட்கார்ந்தால் புடவை கசங்கிவிடுமாம். கம்பியைப் பிடித்தபடி வழி நெடுக நின்றே வந்தாள்.

"இன்னாக்கா, கல்யாணமா?" என்றார் கண்டக்டர்.

"அத்தவிட பெருசு," என்றாள் அவள்.

பெரிசுதான். செந்தாமரைக்கு முப்பத்தாறு வயது. கணவன் ஆதிநாராயணன் பைபர் படகில் கடலுக்குப் போகிறவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், போன ஜூலையில் திண்டிவனத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓட்டல் மேனேஜ்மெண்ட் டிப்ளமா சேர்ந்தாள். அங்கே வயது ஒரு தடையில்லை. கூடப் படிக்கிற இருபத்தொரு பேரும் நேற்றுப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். அவர்களுக்கு இவள் வாய்க்கு வாய் அக்கா. குப்பத்தில் கேட்காத கேலி இல்லை. "வந்தவங்களுக்கு சோறு போடறதுக்கா சர்டிபிகேட்டு?" என்றார்கள். "குடுக்குறாங்க, வாங்கிக்கிறேன், ஒனக்கு இன்னா?" என்று இவளும் விடவில்லை. நன்றாகக் கேட்டாள்!

அன்றைக்குப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். இருபத்திரண்டு பேரில் நாலு பேருக்கு ஆறு மாதப் பயிற்சி, தேறினால் அங்கேயே வேலை. செந்தாமரைக்கு அந்த நாலில் ஒன்று வேண்டும். அதுவும் ரிசப்ஷனில் வேண்டும். வகுப்பறை மூலையில் ரிசப்ஷன் பழகுவதற்கென்று பிளைவுட்டில் அடித்த ஒரு கவுண்டர், அதன்மேல் இணைப்பில்லாத ஒரு போன். எல்லோரும் போன பிறகு அதன் பின்னால் போய் நிமிர்ந்து நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து, "வணக்கம், வாங்க" என்று தினமும் சொல்லிப் பார்ப்பாள். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "ஒன் கை ருசிக்கு கிச்சன்தான்" என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார்களே, யாரிடம் சொல்வது?

அவளிடம் ஒரே ஒரு குறை உண்டு. யாரையும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டாள். அவள் ஊரில் வீட்டுக்கு வந்தவரை "சாப்புடுறீங்களா?" என்று கேட்டால் போச்சு, போட மனசில்லாதவள் என்று பெயர் வந்துவிடும். வந்தவர் உட்காருவதற்குள் தட்டு வந்துவிட வேண்டும். இதே பழக்கத்தோடு, ஒரு நாள் விருந்தாளியாக நடித்த ஆசிரியர் அருள்நாதன் மெனு அட்டையைத் திறக்கும் முன்பே அவர் முன்னால் நாலு இட்லியை வைத்துவிட்டாள்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியேக்கா."

"பசியா இருக்கீங்க சார். மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவளைவிடப் பத்து வயது சின்னவரான அருள்நாதன் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, இங்க கேக்கறதுதான் மரியாதை. சாப்புடப் போறது அவரு. அவருதான் சொல்லணும். கேட்டு எழுதிக்கினு அப்பறம் கிச்சனுக்குப் போங்க."

செந்தாமரை அன்றே ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனாள். கடலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த புருஷன் முன்னால் பேனாவோடு நின்று, "இன்னாங்க சாப்புடுறீங்க?" என்றாள். ஆதிநாராயணன் அரண்டுபோனான். "ஏன், வூட்ல சோறு ஆக்கலியா?"

ஆள் எடுக்க வந்தவர்கள் வைத்த தேர்வில் அவள் மேசையில் விருந்தாளியாக உட்கார்ந்தவர் ஓட்டலின் மேலாளர் விசாலாட்சி. வெயிலில் வந்த களைப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. செந்தாமரைக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு தண்ணீர் வைத்தாள், மெனு அட்டையைக் கொடுத்தாள், என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"எதுவா இருந்தாலும் சரி, கொண்டாங்க," என்றார் அவர், அட்டையைத் திறக்காமலே.

எதுவானாலும் சரி என்றால் அவள் ஊரில் அடுப்படியையே தூக்கிக்கொண்டு வா என்று அர்த்தம். கால் இரண்டு அடி போயே போய்விட்டது. சட்டென்று திரும்பி வந்தாள்.

"மேடம், அப்டி வுட்டா நான் வஞ்சிர மீன் வறுவலத்தான் கொண்டாருவேன். ஒங்களுக்கு இன்னா வேணும்னு நீங்க சொல்லுங்க. அதத்தான் எழுதணும்."

"ஐயோ, மீனா? எனக்கு அந்த வாசனையே ஆகாது." விசாலாட்சி அட்டையைத் திறந்து நிதானமாகப் பார்த்தார். "தயிர் சாதம். மோர் மிளகாய்."

செந்தாமரை எழுதிக்கொண்டாள். தப்பித்தோமடா சாமி என்று இருந்தது.

மதியம் எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர் வாசித்தார்கள். மூன்றாவதாக விசாலாட்சி, "செந்தாமரை, கிச்சன்," என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் இல்லாதிருந்தால் செந்தாமரையும் கூடச் சேர்ந்து தட்டியிருப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கையில் இருக்கிறது. திறந்தால், இந்த இடத்துக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். திறந்தாள்.

"மேடம், கிச்சன்னு எழுதிட்டீங்க. என்னைக் கேக்கவே இல்லியே."

அருள்நாதன் கண்ணை மூடிக்கொண்டார். விசாலாட்சி தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார்.

"சரி, கேக்குறேன். உங்களுக்கு என்ன வேணும்?"

படிப்பை நிறுத்தியபோது அவளை யாரும் இதைக் கேட்கவில்லை. கல்யாணம் பேசியபோதும் கேட்கவில்லை. ஆனாலும் பதிலுக்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ரிசப்ஷன்," என்றாள் செந்தாமரை.

விசாலாட்சி தாளில் கிச்சன் என்பதை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார்.