மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவே

தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் ஈரத்தோல் சுமப்பது வெயிலுமுத்துவுக்கு வேலை. வேலை முடிந்தால் மாஹிம் கழிமுகத்துச் சேற்றில் ஓட்டம். மற்றவர்கள் முகம் சுளிக்கும் அந்தச் சேறு அவனுக்குச் சுகமாக இருந்தது. 1964 டிசம்பரில் பூனாவில், இந்திய கிராஸ் கண்ட்ரி அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயத்தில் ஓடினான். வேண்டியது ஆறு பேர். ஆறாவது இடத்துக்கு அவனும் ஒரு பட்டாளத்துக்காரரும் முடிவுக் கோட்டில் ஒன்றாக நெஞ்சைக் கொடுத்தார்கள். யார் முந்தினார் என்று நடுவர்களுக்கே தெரியவில்லை. முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் ஓடும் கிளப்பின் செயலாளர் வானமாமலை ரயில்வே ஆபீஸ் கிளார்க். முடிவு அவருடைய ஆபீஸுக்குத்தான் போனில் வரும். அதனால் சாயங்காலமானால் வெயிலுமுத்து, அவர் வந்து இறங்கும் மாட்டுங்கா ஸ்டேஷனில் போய் நிற்பான்.

அன்றைக்கு லோக்கல் வண்டி பிதுங்கி வழிந்தது. வாசல்வரை வந்துவிட்ட வானமாமலையை, ஏறுகிற கூட்டம் மறுபடி உள்ளே தள்ளியது. வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"வெயிலு! போன் வந்துதுடா! ஒன் பேரு..."

மீதியை வண்டிச் சத்தம் விழுங்கிவிட்டது.

பேர் இருக்கிறதா, இல்லையா? அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கே இறங்குவார். யோசிக்க நேரமில்லை, வெளியே பாய்ந்து ரோட்டோடு பிடித்தான் ஓட்டம். பஸ்ஸை முந்தினான். "சோர்! பக்டோ!" என்று யாரோ திருடனைக் கண்டதுபோல் கத்தினார்கள். சிரித்துக்கொண்டே ஓடினான்.

சயானில் அவரைக் காணோம். எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து மாட்டுங்கா பக்கம் ஒரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் வானமாமலை! அவனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

வந்த வழியே திரும்ப ஓடினான்.

மாட்டுங்கா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். "ஏண்டா, நின்ன எடத்துல நிக்க மாட்டியா நீ?"

"பேரு இருக்கா, இல்லியா? மொதல்ல அதச் சொல்லுங்க சார்!"

"இருக்குடா! ஆறை ஏழாக்கி ரெண்டு பேரையும் சேத்துண்டுட்டா. பிப்ரவரில கொழும்புல போட்டி!"

வியர்வை சொட்டச் சொட்ட அவரைக் கட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டை நனைந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

கொழும்பில் அவன் ஒன்பதாவதாக வந்தது பிந்திய கதை. அதற்குப் பிறகும் இரண்டு முறை இந்தியாவுக்காக ஓடினான். ஆனால் அந்தச் சாயங்காலத்தைப் போல இன்னொன்று வரவில்லை.

அன்றைக்கு வீட்டு வாசலில் அவன் மனைவி செண்பகவல்லி கேட்டாள்: "என்ன இப்பிடி எரைக்க எரைக்க வாரிய? யாரும் வெரட்டுதாவளா?"

"கொழும்புக்குப் போறேன் புள்ள!"

"கொழும்புக்கா? தேயிலை பறிக்கவா?"

"ஓடுததுக்கு! இந்தியாவுக்கு ஓட என்னையக் கூப்புட்டுட்டாவ!"

கையில் கரண்டியோடு அவனை விலக்கிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தாள். "ஏ பூமாரிக்கா! மதீனாக்கா! எல்லாரும் வெளிய வாங்க, சேதி கேளுங்க!"