அப்படியே ஒரு மீன்தொட்டி

என் சித்தி கட்டடம் கட்டுபவர் அல்ல. கட்டிய கட்டடத்துக்குள் வேலை செய்யும் தச்சர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், கம்ப்யூட்டர்காரர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்பவர். விசிட்டிங் கார்டில் இதற்குப் புராஜெக்ட் மேனேஜர் என்று பெயர்.

அவருக்கு ஆகாத ஒரே சொல் ‘அப்படியே’. “அப்படியே இங்க ஒரு அலமாரி வெச்சிடலாமே” என்று வாடிக்கையாளர் ஆரம்பித்தால் போதும், கைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டுக் கட்டு வெளியே வரும். ஒப்புக்கொண்ட வேலைக்கு மேல் எது சேர்ந்தாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு.

“சரி, எதை எடுக்கட்டும்?”

நாளையும் கூட்ட மாட்டார், ஆளையும் கூட்ட மாட்டார். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போயாக வேண்டும். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே அலமாரியை மறந்துவிடுவார்கள்.

வீட்டிலும் இதே சட்டம்தான். இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் அவர் வீட்டில் வந்து இறங்கிய அன்று, சித்தி எனக்கு டீ போட எழுந்தார்.

“அப்படியே எனக்கும் ஒண்ணு” என்றார் சித்தப்பா.

“எதை எடுக்கட்டும்? உங்க சட்டைய அயர்ன் பண்றதையா?”

சித்தப்பாவே போய் மூன்று டீ போட்டுக்கொண்டு வந்தார்.

சித்திக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை தொடங்கும் முன் எல்லாரையும் காலி அறைக்கு வரவழைத்து, அவரவர் பொருள் எங்கே வருமோ அந்த இடத்தில் சுவரில் கை வைக்கச் சொல்வார். தச்சரின் கையும் எலக்ட்ரீஷியனின் கையும் ஒரே இடத்தில் போய் மோதும். “இப்பவே சண்டை போட்டுக்குங்க. பீரோவுக்குப் பின்னாடி பிளக் பாயின்ட் வந்தப்புறம் போடாதீங்க” என்பார். தனித்தனியாக எல்லாரும் கெட்டிக்காரர்கள். சேர்த்துப் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியும் என்பது அவர் அனுபவம்.

அப்போது ஒரு கண் மருத்துவமனையின் உள்வேலை நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை காலை சித்தியும் சித்தப்பாவும் கப்பலேறுவதாக ஏற்பாடு. பதினொரு வருடத்தில் சித்தி எடுக்கும் முதல் நீண்ட விடுப்பு, பன்னிரண்டு நாள். முதலாளி முன்பே சொல்லிவிட்டார்: “டாக்டர் கையெழுத்து வந்தா கப்பல். வரலைன்னா கரையில நின்னு டாட்டா காட்டுங்க.”

வியாழக்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. பரிசோதனை அறையில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்துப் பலகையைப் படித்தேன். போன மாதம் வேறொரு இடத்தில் தடுக்கி விழுந்த வரியை இங்கே கடகடவென்று தாண்டினேன்.

“எனக்குக் கண்ணு சரியாயிடுச்சு!”

பரிசோதனை செய்த பெண் சந்தேகத்தோடு டேப்பை எடுத்து அளந்தாள். நாற்காலிக்கும் பலகைக்கும் நடுவே ஆறு மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாலரை மீட்டர்தான் இருந்தது.

மீதி ஒன்றரை மீட்டரை மீன்தொட்டி விழுங்கியிருந்தது. காத்திருப்பு அறையின் சுவரில் பதித்த அழகான தொட்டி. அதன் முதுகும் மோட்டார் வைத்த தடுப்பறையும் இந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நின்றன. எழுத்துப் பலகையை அந்தத் தடுப்பின் மேல் மாட்டியிருந்தார்கள்.

“யாரு இதுக்குச் சரின்னு சொன்னது?” சித்தியின் குரல் மேல்கட்டைக்குப் போனது.

தச்சர் தலையைச் சொறிந்தார். “நீங்கதான் மேடம். டாக்டர் போன்ல ‘அப்படியே ஒரு மீன்தொட்டி’ன்னாரு. நீங்க அன்னிக்குக் கப்பல் டிக்கெட் வாங்கிட்டு ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க. நான் மஞ்சள் சீட்டு கேட்டேன். ‘ஒரு தொட்டிதானே, அப்புறம் எழுதிக்கலாம்’னீங்க.”

“கையும் வைக்கச் சொல்லல” என்று எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொடுத்தார்.

சித்தி மஞ்சள் சீட்டை எடுத்து, ‘கேட்டவர் டாக்டர், சரி என்றவர் நான், எழுதாதவரும் நான்’ என்று எழுதி டாக்டரிடம் நீட்டினார்.

“எதை எடுக்கட்டும் டாக்டர்? தொட்டியையா, பரிசோதனையையா?”

டாக்டர் மருத்துவமனைக்குள்ளேயே இருந்த தன் மூக்குக்கண்ணாடிக் கடைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “வர்றவங்களுக்கெல்லாம் கண்ணு நல்லா தெரிஞ்சா நான் யாருக்குக் கண்ணாடி எழுதறது? தொட்டிய எடுத்துடுங்கம்மா. ஆனா பன்னெண்டு மீனும் உயிரோட இருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் என் பொண்ணு பேரு வெச்சிருக்கா. எங்க வீட்டுல இடம் பண்ண ரெண்டு வாரம் ஆகும்.”

அன்று மாலையே தடுப்பைப் பிரித்தார்கள். இந்த முறை நால்வரும் கை வைத்த பிறகுதான் சுத்தியல் எழுந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அறை ஆறு மீட்டர் ஆனது, நான் பழைய வரியிலேயே தடுக்கி விழுந்தேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை. வாசலில் டாக்சி, சித்தி வீட்டுக் கூடத்தில் டாக்டரின் மீன்தொட்டி. சித்தி செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அப்படியே அந்த மீனுங்களுக்கு ரெண்டு வேளை தீனி போட்டுடுடி.”

செவ்வாய்க்கிழமை நான் மறுபடி கிளம்புவதாக இருந்தேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா?

“சரி சித்தி, எதை எடுக்கட்டும்?”

அவர் கைப்பையைத் திறந்தார். மஞ்சள் சீட்டு ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. சேர்ப்பது: மீன், பன்னிரண்டு. எடுப்பது: செவ்வாய்க்கிழமைப் பயணம்.

சித்தப்பா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.