பெட்டியின் வாசலில் செருப்பு

எழில்மதி படித்தது உலகளாவிய சரக்குப் போக்குவரத்தும் கடல்சார் மேலாண்மையும். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருந்த அவள் ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. அம்மா ஜெயம்மாள் களை பறிக்கப் போகும் இடத்திலெல்லாம் மகள் கப்பலுக்குப் படிப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். விடுமுறைக்கு வந்தால், எப்போது கப்பல் ஓட்டப்போகிறாய் என்று கேட்டார்கள். ஓட்டுவதில்லை, சரக்கை ஏற்றி அனுப்புவது என்றாள்.

"ஏத்துறதுக்கா படிப்பு? எங்க மாமன்கூடத்தான் நெல்லு மூட்ட ஏத்துது, எட்டாவது ஃபெயிலு" என்றாள் அம்மாவோடு வேலைக்குப் போகும் மலர்விழி. எல்லோரும் சிரித்தார்கள். எழில்மதியும் சிரித்தாள்.

கடல் அவளுக்குப் பயமாக இல்லை. வகுப்பறை ஜன்னலில் கடல் தெரியவும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அவள் பயம் வேறு. தன் கையால் ஏதாவது தப்பாகிவிடும் என்று பயந்தாள். விடுதி அறையைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கன்டெய்னர் எண்களை எழுதினால் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு தடவை சரிபார்ப்பாள். ஆசிரியர்கள் அதைக் கவனம் என்று பாராட்டினார்கள். அவள் மறுக்கவில்லை.

மூன்றாம் பருவத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் துறைமுகத்துக்குப் போனார்கள். எழில்மதி கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருந்த ஓர் அரிசி ஆலையைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். ஆலையின் புழுங்கலரிசியைக் கப்பலேற்றும் சென்னை நிறுவனம், ஆலை நல்லபடியாகச் சொன்னால் படிப்பு முடிந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அம்மா அதை இப்போதே கிடைத்துவிட்ட வேலையாகப் பேசத் தொடங்கியிருந்தாள்.

ஆலையில் அவள் முதல் வேலை காலிக் கன்டெய்னர் பெட்டியைச் சோதிப்பது. உள்ளே போய் நிற்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் கதவை மூடுவார்கள். கூரையிலோ பக்கத் தகட்டிலோ ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஊசிபோல் உள்ளே வரும். வெளிச்சம் வராவிட்டால் பெட்டி நல்ல பெட்டி. அந்த இருட்டில் அவளுக்குத் தன் மூச்சுச் சத்தம் யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது. கதவைத் தடவினாள். உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி எதுவும் இல்லை. பாடப் புத்தகத்தில் பெட்டியின் நீளம், அகலம், தாங்கும் எடை எல்லாம் இருந்தன. இது இல்லை.

சுமை ஏற்றுபவர்களுக்கு மேஸ்திரி தங்கதுரை. அவர் ஆட்களைத் தலை எண்ணிப் பார்க்கமாட்டார். அரிசி ஏற்றும் பெட்டிக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அரிசியை மிதித்தாலும் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது. எல்லோரும் சரக்கேற்றும் கொட்டகையின் விளிம்பில் கழற்றிவிட்டுப் போவார்கள். வேலை முடிந்ததும் தங்கதுரை விளிம்பைப் பார்ப்பார். செருப்பு எதுவும் இல்லையென்றால் உள்ளே யாரும் இல்லை. கதவை மூடலாம். இத்தனை வருடத்தில் தப்பியதில்லை என்றார்.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. அன்று காலையிலிருந்தே தூறல். ஏற்றுபவர்களில் ஒருவரான காசிநாதன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். எல்லோரும் அவரைச் சாமி என்றார்கள். அவரும் எல்லோரையும் சாமி என்றார். மேஸ்திரி வழக்கம்போல் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்துச் சாமியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வது அன்றைய வேடிக்கையாக இருந்தது.

அரிசி கனமானது. பெட்டி நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். மூட்டைகளுக்கும் கூரைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் மிஞ்சும். அங்கே ஊர்ந்து போய்க் காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைக் கட்டித் தொங்கவிடுவது வீரமணியின் வேலை. கரியாலூர்ப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரன். ஒல்லியாக இருந்ததால் அந்த வேலை அவனுக்கு வந்தது.

சாயங்காலம் மூட்டைகள் ஏறி முடிந்தன. மருந்து வைப்பவர் வந்து பூச்சி மாத்திரைப் பொட்டலங்களை வைத்தார். மண்டையோட்டுப் படம் போட்ட எச்சரிக்கைத் தாளைக் கதவில் ஒட்டினார். ஒரு கதவைச் சாத்திவிட்டுக் கை கழுவப் போனார். எழில்மதி உள்ளே எட்டிப் பார்த்தாள். மூட்டை அடுக்கு நேராக இருந்தது. கதவுக்குப் போடும் சீலின் எண்ணைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். போன் நனையாமலிருக்கப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக் கொட்டகை விளிம்பில் நின்றாள். தங்கதுரை குடை பிடித்தார். டிரைவர் அறிவுச்செல்வன் மறு கதவையும் சாத்தினார். அவள் வந்து கதவுக் கம்பியில் சீல் மாட்டி அழுத்தினாள். விரல் தடிமன் இரும்பு ஆணி. வெட்டினால்தான் கழலும். மலைக்குப் போகும் பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் லாரியும் சென்னைக்குக் கிளம்பியது.

மழை விட்டபோதுதான் பார்த்தாள். கொட்டகை விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு. நீல ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது.

தங்கதுரையிடம் காட்டினாள். அவர் ஏற்கனவே பார்த்திருந்தார்.

"அது சாமிதும்மா. மாலை போட்ட சாமிக்கு இன்னாத்துக்குச் செருப்பு? வுட்டுட்டுப் போயிருக்கும்."

அவளுக்கு மூச்சு வந்தது. டீ வாங்கிக் குடித்தாள்.

டீ பாதி இருக்கும்போது காசிநாதன் மோட்டாரில் குளித்துவிட்டு நெற்றியில் ஈர விபூதியோடு வந்தார். சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள். அவர் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

"என்து தோல் செருப்பு. மாலை போட்ட அன்னைக்கே வூட்ல பரண் மேல போட்டுட்டேன். இது மலைக்காரன்து. ஊக்குக் குத்திக்கினு போடுவான் பாரு."

தங்கதுரை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

வீரமணி பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மற்றவர்கள் எதிர்த் திசையில் போகிறவர்கள். போன் போட்டுக் கேட்டதில் ஒருவன், போயிருப்பான் என்றான். பார்த்தாயா என்றதற்கு, பார்க்கவில்லை, போயிருப்பான் என்றான். வீரமணியின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. பஸ் மலையேறத் தொடங்கிவிட்டால் சிக்னல் போய்விடும் என்றார் தங்கதுரை, தனக்கே ஆறுதல் சொல்வதுபோல. எழில்மதி திரும்பத் திரும்ப அழைத்தாள். அதே பெண் குரல், அதே பொறுமை. இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் இதே குரல்தான் இதையே சொல்லும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அழைக்க முடியவில்லை.

மருந்து வைத்தவரிடம் போனில் கேட்டாள். மாத்திரை உடனே வேலை செய்யாது, மெதுவாகத்தான் காற்றில் கலக்கும் என்றார். ஈரம் இருந்தால் சீக்கிரம் என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். அவள் வைத்துவிட்டாள். முற்றமெல்லாம் தண்ணீர் நின்றது.

ஆலை மேலாளருக்குப் போன் போட்டாள். அவர் திருக்கோவிலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சீலை வெட்டினால் அந்தப் பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள், புதுச் சீலும் புது அனுமதியும் வாங்குவதற்குள் கப்பல் போய்விடும் என்று அவள் பாடத்தில் படித்ததையே சொன்னார். ஒரு செருப்புக்காகவா என்று கேட்டார். பிறகு குரல் மாறி, சீல் போட்டது நீதானே, உள்ளே பார்த்துத்தானே போட்டாய் என்றார். நீயே முடிவு பண்ணு, பொறுப்பும் உன்னுடையதுதான் என்று வைத்துவிட்டார்.

அறிவுச்செல்வன் உளுந்தூர்பேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓரமாக நிறுத்தி, பின்னால் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள்.

"அரிசி மூட்ட கதவ தொறக்குமா மேடம்?"

"தட்டுங்கண்ணா."

தட்டினார். போன் வழியாக அந்தச் சத்தம் கோயில் மணிபோல் கேட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டார். காதை வைத்துக் கேட்கச் சொன்னாள்.

"ஒன்னும் இல்ல மேடம். ஒரு சத்தமும் இல்ல. கெளம்பட்டா?"

உள்ளே ஆள் இல்லையென்றால் சத்தம் வராது. இருந்து, மயங்கியிருந்தாலும் வராது. எழில்மதி தங்கதுரையைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இந்நேரம் வாசலில் யாரிடமாவது வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே கூசினாள்.

"சீல வெட்டுங்கண்ணா."

மறுமுனையில் லாரிகள் போகும் சத்தம்.

"வெட்டுனா ஒட்ட முடியாது. நீங்க சொல்றத ரெக்கார்டு பண்ணிக்கிறேன். பேரச் சொல்லித் திருப்பிச் சொல்லுங்க."

அவள் தன் பெயரைச் சொன்னாள். வெட்டச் சொன்னது நான்தான் என்றாள்.

பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையில் அறுக்கும் மெஷின் இருந்தது. போனை வைக்க வேண்டாம் என்றாள். இரும்பு அறுபடும் சத்தத்தை முழுக்கக் கேட்டாள். கதவுக் கம்பி திரும்பியது. டிரைவர் இருமினார். மருந்தின் பூண்டு வாடை அடிக்கிறது என்றார். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் காற்றாட விட்டு, டார்ச் அடித்தபடி மேலே ஏறினார். சட்டை காகிதத்தில் உரசும் ஓசை போய்க்கொண்டே இருந்தது.

"கடைசி மட்டும் பாத்துட்டேன் மேடம். மூட்டதான். ஆள் இல்ல."

தங்கதுரை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். காசிநாதன் சரணம் சொன்னார்.

கப்பல் அந்தப் பெட்டி இல்லாமல் போனது. மேலாளர் திட்டவில்லை. எல்லோர் முன்னாலும் செருப்பு மேடம் என்று கூப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. சென்னை நிறுவனம் அவள் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டது.

சீலை வெட்டிய மறுநாளே வீரமணி முதல் பஸ்ஸில் வெறுங்காலோடு வந்து இறங்கினான். உன் செருப்பால் ஒரு கப்பலே போய்விட்டது என்று தங்கதுரை அவனை வைது தீர்த்தார். ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. செருப்பை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் கழுவி ஓரமாக வைத்தான்.

மத்தியானம் எழில்மதி வேறொரு காலிப் பெட்டியில் தரையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வீரமணி வாசலில் வந்து நின்றான். உள்ளே ஏறவில்லை.

"மேடம், ஒன்னு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"நேத்து பேப்பர் விரிச்சிட்டு அங்கியே சாஞ்சேன். ரெண்டு நாளா வூட்ல கொழந்தைக்கு ஜொரம், தூக்கமே இல்ல. மழ சத்தத்துல கண்ணு அசந்துடுச்சி. ஒரு கதவு சாத்துன சத்தத்துலதான் எழுந்தேன்."

"எப்படி வெளிய வந்த?"

"நீங்க அந்தாண்ட திரும்பி போனப் பாத்துக்கினு இருந்தீங்க. பக்கவாட்டுல எறங்கிட்டேன். செருப்பு மேஸ்திரி காலாண்ட கெடந்துது. எடுக்க வந்தா தூங்கிட்டேன்னு தெரிஞ்சிபூடும். போன மாசந்தான் தூங்குனான்னு ஒருத்தன நிறுத்தினாரு. பஸ் வேற வந்துடுச்சி."

முந்தின நாள் எட்டிப் பார்த்தபோது மூட்டை அடுக்கு நேராக இருந்ததா என்றுதான் அவள் பார்த்திருந்தாள். மேலே பார்க்கவில்லை.

"அந்தச் சத்தம் கேக்கலன்னா?" என்றாள்.

வீரமணி கதவின் உள்பக்கத்தைப் பார்த்தான். அந்தக் கேள்வியோடுதான் அவனும் மலையேறியிருப்பான் என்பது முகத்தில் தெரிந்தது. மேஸ்திரி கூப்பிடும் குரல் கேட்டது. போய்விட்டான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் பயிற்சி அறிக்கைக்கான நேர்காணலில், அந்தப் பெட்டி ஏன் கப்பலைத் தவறவிட்டது என்று கேட்டார்கள். சீல் போடுவதற்கு முன் நான் உள்ளே சரியாகப் பார்க்கவில்லை என்றாள். உள்ளே யாரும் இருக்கவில்லையே என்றார் ஒருவர் அறிக்கையைப் புரட்டியபடி. ஆமாம், இல்லை என்றாள். மதிப்பெண் குறைந்தது. தேறிவிட்டாள்.

இப்போது அவள் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குப் பெட்டி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அம்மா சொல்லிவைத்த நிறுவனம் அல்ல, வேறொன்று. ஒவ்வொரு பெட்டியிலும் மூட்டைகளின் மேல் ஏறி, கடைசி வரை டார்ச் அடித்துப் பார்த்து, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்ட பிறகுதான் சீல் போடுகிறாள். உள்ளே மூட்டைதான் மேடம் இருக்கிறது, அது பதில் சொல்லாது என்று ஏற்றுபவர்கள் கிண்டல் செய்வார்கள். சீல் போட்ட பிறகும் கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்டிகள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. போனில் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற குரலைக் கேட்டால், அம்மாவுக்குப் போட்ட போனாக இருந்தாலும், உள்ளங்கை குளிர்ந்துவிடுகிறது.

அங்கே எல்லோரும் கனத்த பாதுகாப்பு பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். கழற்றக் கூடாது. எழில்மதி மட்டும் பெட்டிக்குள் ஏறும்போது கழற்றி வாசலுக்கு நேரே வைத்துவிட்டுப் போகிறாள். மேற்பார்வையாளர் பலமுறை எச்சரித்துவிட்டார். சரிங்க சார் என்கிறாள். அவர் நகர்ந்ததும், அடுத்த பெட்டியின் வாசலில் அவள் பூட்ஸ் இருக்கிறது. கதவை மூட வருகிறவன் கண்ணில் படும்படி.