கத்தரிக்காய்ச் சாறு கறுக்காத நாள்

நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்கவைக்கும் நொதியை, கந்தகம் உள்ள சில சிறு மூலக்கூறுகள் தடுத்துவிடும். புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒருநாள், கந்தக மருந்தே சேர்க்காத சாறும் கறுக்கவில்லை. அப்படியானால் அதுவரை நான் எழுதிவைத்த முடிவுகள் எல்லாமே சந்தேகம்தான்.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் செல்வி, பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்காரர். ஒரு குழாயை முகர்ந்து பார்த்தார்.

"சார், இதுல அழுகின முட்ட வாட அடிக்குது. நேத்து நீங்களே அவசரமா அலசி வச்சீங்களே, அந்தக் குழாதான்."

"மீன் நாத்தத்துலயே கெடக்கற மூக்கு, உனக்கு என்னா தெரியும்?" என்றேன். அதோடு விடவில்லை. படிக்காதவளிடம் கழுவும் வேலையைக் கொடுத்தால் சோதனை இப்படித்தான் கெடும் என்று பேராசிரியரிடம் எல்லோர் முன்னும் சொன்னேன். மறுநாளே செல்வியை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம், மருந்து சேர்க்காத சாறு புதுக் குழாயில் நிமிடங்களில் கறுத்தது. நான் அலசிய குழாயில் கறுக்கவே இல்லை. அழுகிய முட்டை வாடையுள்ள அந்தக் கந்தக மருந்து அதில் ஒட்டியிருந்திருக்கிறது. தினமும் அதையே முகர்ந்து என் மூக்குதான் மரத்துப்போயிருந்தது.

பிள்ளைச்சாவடிக்குப் போய், "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"இங்க வந்து சொன்னா ஆச்சா? என்னப் பத்தி எங்க சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். செல்விக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் என் ஆய்வகத்துக்கு வர மறுத்துவிட்டார். படித்தவன் என்ற திமிரோடு அன்று பேசிய அந்த ஆளை நினைத்தால், இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.